சிம் மாற்றிய பிறகு சிக்னல் சரியில்லையா? திருகோணமலை வீடுகளுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

உப்புவெளியில் அம்மாவின் போன் ஒரு கிழமை முழுக்க அடிக்கவே இல்லை. புது சிம் வாங்கிப் போட்டுக் கொடுத்தது நான்தான். பழைய கொம்பனியில் டேட்டா விலை கூடிவிட்டது என்று நானும் அம்மாவும் ஒரே நாளில் மாறினோம். கட்டாரில் இருக்கும் தம்பிக்குப் புது நம்பரையும் அனுப்பிவிட்டேன். அவன் ஒவ்வொரு இரவும் எடுத்துப் பார்த்திருக்கிறான். "தொடர்பு கொள்ள முடியவில்லை" என்றே பதில் வந்திருக்கிறது. அம்மாவோ பிள்ளைக்கு ஏதோ கோபம் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். நான் போய்ப் பார்த்தபோது அந்தப் போனில் நாலு கோடு சிக்னல் நின்றது.

நான் நகரத்தில் போன் திருத்தும் வேலை செய்பவன். சிம் மாற்றியவர்கள் "இந்தக் கொம்பனிக்கு இங்கே டவரே இல்லை" என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். சில நேரம் அது உண்மை. பல நேரம் போனுக்குள் இருக்கும் ஒரு செட்டிங்தான் காரணம். எது எங்கே என்று பிரித்துப் பார்க்காமல் மறுபடியும் சிம் மாற்றினால் காசும் போகும், குறையும் அப்படியே இருக்கும். அதனால் உங்கள் போனில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் அதற்கு முன் அடுத்த இரண்டு விஷயத்தையும் கட்டாயம் செய்யுங்கள்.

முதலில் சிம்மை இடம் மாற்றுங்கள்

புது சிம்மைக் கழற்றி, வீட்டில் இருக்கும் வேறொரு போனில் போடுங்கள். அதே அறை, அதே மேசை, அதே நேரம். அங்கே நன்றாக வேலை செய்தால் குறை உங்கள் போனில். அங்கேயும் இழுபறி என்றால், அதே கொம்பனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவருடைய போனை அந்த மேசையில் வைத்துப் பாருங்கள். அவருக்கு நன்றாக எடுத்தால் குறை உங்கள் சிம்மில், அல்லது கொம்பனி உங்கள் நம்பரைப் பதிந்த விதத்தில். அவருக்கும் எடுக்கவில்லை என்றால் குறை இடத்தில். பத்து நிமிடம்தான் ஆகும். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு இதிலேயே பதில் தெரிந்துவிடுகிறது.

கோடுகளை எண்ணாதீர்கள், அளவைப் பாருங்கள்

மேலே தெரியும் கோடுகளுக்குப் பொது அளவு எதுவும் கிடையாது. ஒரு போன் நாலு கோடு காட்டும் இடத்தில் இன்னொரு போன் இரண்டு காட்டும். சிம் மாற்றும் நேரத்தில் போனையும் மாற்றியிருந்தால், பழைய போனின் கோடுகளையும் புதுப் போனின் கோடுகளையும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

உண்மையான அளவு டிபிஎம் (dBm) என்ற கணக்கில் வரும். அண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸுக்குள் போய், போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்பதைத் திறந்தால் சிக்னல் அளவு என்று ஒரு மைனஸ் எண் இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று அடித்து அழைப்புப் பட்டனை அழுத்தினால் சோதனைத் திரை வரும். 4ஜியில் மைனஸ் 80க்கு அருகில் இருந்தால் மிக நல்லது. மைனஸ் 100 வரை சமாளிக்கலாம். மைனஸ் 110ஐத் தாண்டினால் கதை விட்டுவிட்டு வரும். மைனஸ் 120க்குப் பக்கத்தில் போன் டவரை விட்டுவிடும்.

இந்த எண்ணில் 10 குறைந்தால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். விறாந்தையில் மைனஸ் 85, குசினியில் மைனஸ் 115 என்றால் இடையில் ஆயிரம் மடங்கு இழந்திருக்கிறீர்கள். ஒரு கொப்பியில் அறை அறையாக எழுதி வையுங்கள். பின்னால் கொம்பனியோடு கதைக்கவும் இது உதவும்.

"சேவை இல்லை" என்றே காட்டுகிறது

புது சிம் போட்டு நாலைந்து மணி நேரம் ஆகியும் இப்படியே இருந்தால், முதலில் நெட்வேர்க் தெரிவைப் பாருங்கள். மொபைல் நெட்வேர்க் செட்டிங்கில் கொம்பனியைப் போன் தானாகத் தெரிவுசெய்ய வேண்டும் என்று ஓர் இடம் உண்டு. முன்பு யாராவது அதை நிறுத்திவிட்டுப் பழைய கொம்பனியைக் கையால் தெரிந்திருந்தால், புது சிம்மை வைத்துக்கொண்டு போன் பழைய வாசலையே தட்டிக்கொண்டிருக்கும். தானியங்கி என்பதை மறுபடி போட்டு, போனை நிறுத்தித் திறவுங்கள்.

அடுத்தது சிம் உங்கள் அடையாள அட்டையில் பதியப்பட்டுவிட்டதா என்று வாங்கிய கடையில் கேளுங்கள். பதிவு முடியாத சிம் வேலை செய்யாது.

அதற்கும் அடுத்தது நம் ஊருக்கே உரியது, உப்புக் காற்று. திருக்கடலூர், டச்சுக்குடாப் பக்கம் இருந்து வரும் போன்களில் சிம் வைக்கும் தட்டைக் கழற்றினால், உள்ளே இருக்கும் பித்தளை நிறக் கம்பிகளில் பச்சைப் படிவு தெரியும். பழைய சிம் பல வருடம் அசையாமல் இருந்ததால் தொடுகை விடாமல் இருந்திருக்கும். அதைக் கழற்றிப் புதியதைப் போட்டதும் தொடுகை போய்விடும். மருந்துக்கடையில் விற்கும் ஸ்பிரிட்டில் மென்மையான துணியைத் தொட்டு சிம்மின் மஞ்சள் பக்கத்தை மட்டும் துடையுங்கள். போனுக்குள் ஊசி, பின் எதையும் விடாதீர்கள். உள்ளே இருக்கும் கம்பி வளைந்தால் திருத்தச் செலவு கூடும்.

வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த போன் என்றால் இரண்டு விஷயம். சில போன்கள் வாங்கிய நாட்டுக் கொம்பனிக்குப் பூட்டப்பட்டிருக்கும். வேறு சிம் போட்டதும் ஏற்கமாட்டேன் என்று ஒரு செய்தி காட்டும். இன்னொன்று, *#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண். ஐஎம்இஐ என்ற நாலு ஆங்கில எழுத்தை அடித்து, இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். பழைய போன் வாங்குபவர்கள் காசு கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

கதைக்கலாம், இன்டர்நெட் மட்டும் இல்லை

இது பெரிய வேலை இல்லை. எந்தக் கொம்பனி வழியாக இன்டர்நெட்டுக்குப் போக வேண்டும் என்று போனுக்குச் சொல்லும் ஏபிஎன் (APN) என்ற இடத்தில் பழைய கொம்பனியின் பெயர் கிடக்கிறது. மொபைல் நெட்வேர்க் செட்டிங்கில் ஏபிஎன்னைத் திறந்து, ஆரம்ப நிலைக்குத் திருப்பும் தெரிவை அழுத்துங்கள். சரிவராவிட்டால் கொம்பனியின் உதவி எண்ணுக்கு எடுத்துக் கேளுங்கள், எஸ்எம்எஸ்ஸில் அனுப்பிவிடுவார்கள்.

கோடு நிறைய இருக்கிறது, அழைப்பு வருவதில்லை

அம்மாவின் குறை இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது. மற்றக் குறைகளில் நீங்கள் எடுக்கும் அழைப்பு போகாது, உடனே தெரிந்துவிடும். இதில் உங்களைத் தேடுபவர்தான் கஷ்டப்படுவார். நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள்.

4ஜி முதலில் டேட்டாவுக்காக வந்தது. அதன் மேலேயே கதைப்பதற்கு வோல்டீ (VoLTE) என்ற வசதி வேண்டும். வோல்டீ இல்லாத போன், அழைப்பு வந்ததும் 4ஜியை விட்டு இறங்கி 3ஜிக்கோ 2ஜிக்கோ போய் அங்கே அழைப்பை எடுக்கும். நாம் கவனிக்காமலே இது நடக்கும். பழைய கொம்பனியில் உங்களுக்கு வோல்டீ வேலை செய்தது என்பதற்காகப் புதுக் கொம்பனியிலும் செய்யும் என்று சொல்ல ஏலாது. கொம்பனி உங்கள் நம்பருக்கு அதைத் திறந்துவிட வேண்டும், உங்கள் போனின் மென்பொருளும் அந்தக் கொம்பனியை அறிந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் செட்டிங்கில் வோல்டீ சுவிட்சே மறைந்துவிடும்.

அம்மாவின் போனில் நடந்தது இது. மருமகன் அதில் கார்ட்டூன் பார்ப்பான். வேகம் போதவில்லை என்று, *#*#4636#*#* அடித்து வரும் மறைவான திரையில் "4ஜி மட்டும்" என்று மாற்றியிருக்கிறான். பழைய சிம்மில் வோல்டீ இருந்ததால் அழைப்பு 4ஜியிலேயே வந்தது, ஒரு குறையும் தெரியவில்லை. புது சிம்மில் வோல்டீ இன்னும் திறக்கப்படவில்லை. அழைப்பு வந்தால் கீழே இறங்கவும் வழி இல்லை, படியைத்தான் மருமகன் எடுத்துவிட்டானே. கார்ட்டூன் ஓடும், நாலு கோடும் நிற்கும், தம்பிக்கு மட்டும் கதவு பூட்டு.

நெட்வேர்க் வகையை "4ஜி/3ஜி/2ஜி தானியங்கி" என்று திருப்பி வைத்தேன். பக்கத்தில் நின்று என் போனில் இருந்து எடுத்தேன், அடித்தது. அன்று இரவு தம்பியும் எடுத்தான். அம்மா கதைத்த முதல் பத்து நிமிடம் நான் வாசலிலேயே நின்றேன்.

சிம் மாற்றிய அன்றே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வேறு கொம்பனி போனில் இருந்து உங்கள் புது நம்பருக்கு மூன்று முறை எடுங்கள்: போன் சும்மா இருக்கும்போது ஒரு முறை, வீடியோ ஓடும்போது ஒரு முறை, திரை அணைந்து கால் மணி நேரம் கழித்து ஒரு முறை. மூன்றும் அடித்தால் சரி. அதோடு மென்பொருள் அப்டேட்டையும் முடித்துவிட்டு, வோல்டீயைத் திறந்துவிடச் சொல்லிக் கொம்பனியிடம் கேளுங்கள்.

கதைக்கும்போது இன்டர்நெட் நின்றுவிடுகிறது

இதுவும் மேலே சொன்னதன் தங்கச்சிதான். போன் 2ஜிக்கு இறங்கிக் கதைக்கிறது, அங்கே கதையும் டேட்டாவும் ஒன்றாக ஓடாது. இரண்டு சிம் போடும் பழைய போன் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பலவற்றில் ஒரு சிம் இடத்துக்கு மட்டும்தான் 4ஜி உண்டு, மற்ற இடம் 2ஜி அல்லது 3ஜியோடு நின்றுவிடும். பழைய சிம்மைக் கழற்ற மனமில்லாமல் புதியதை இரண்டாவது இடத்தில் போட்டிருப்பீர்கள். இடத்தை மாற்றிப் போடுங்கள், அவ்வளவுதான்.

முற்றத்தில் எடுக்கிறது, வீட்டுக்குள் இல்லை

பழைய கொம்பனி வீட்டுக்குள் நன்றாக எடுத்தது, புதியது எடுக்கவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, புதுக் கொம்பனியின் டவர் தூரத்தில் இருக்கிறது. மற்றது, அது அந்த இடத்தில் பயன்படுத்தும் அலைவரிசை. 900 மெகாஹேர்ட்ஸ் அலை 1800ஐ விடத் தூரம் போகும், சுவரையும் கூடுதலாகத் துளைக்கும். 1800 வேகம் சுமக்கும், ஆனால் சுவரிடம் சீக்கிரம் களைத்துவிடும். ஒரே தூரத்தில் இரண்டு டவர் இருந்தாலும் உங்கள் குசினிக்கு எது வரும் என்பது இதில்தான் தங்கியிருக்கிறது.

வீடும் முக்கியம். கிடுகுக் கூரையும் ஓட்டுக் கூரையும் அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. தகரம் தடுக்கும், நன்றாகவே தடுக்கும். கம்பி கட்டிக் கொங்கிரீட் போட்ட மாடியும் அப்படித்தான். வெளிநாட்டுக் காசில் மேல்மாடி கட்டிய வீடுகளில், மேலே வீடியோ ஓடும், கீழே படுக்கையறையில் போன் செத்துக் கிடக்கும். செல்வநாயகபுரத்தில் ஒரு ஐயா வீட்டில் சிக்னலைத் தடுத்தது சுவரே இல்லை, ஜன்னலுக்கு வெளியே நிறுத்தியிருந்த பெரிய தகரப் பலகைதான். அதை நகர்த்தியதும் மைனஸ் 112 இருந்த இடத்தில் மைனஸ் 101 வந்தது.

செய்யக்கூடியது இது. போனைக் கையில் வைத்து, அளவுத் திரையைத் திறந்துகொண்டு வீட்டைச் சுற்றி மெதுவாக நடங்கள். ஒவ்வொரு இடத்திலும் பத்து விநாடி நில்லுங்கள், அளவு உடனே மாறாது. டவர் இருக்கும் திசை ஜன்னல் எது என்று தெரிந்துவிடும். வயதானவர்களின் போனுக்கு அந்த ஜன்னலோரம் ஒரு மேசை போட்டு, சார்ஜரையும் அங்கேயே வையுங்கள். தலைமாட்டில் இரும்பு அலுமாரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால், வைபை வழியாக அழைப்பு எடுக்கும் வசதியைக் கொம்பனியிடம் கேட்டுப் பாருங்கள். போனும் கொம்பனியும் இரண்டுமே இடம் கொடுத்தால் சுவர்ப் பிரச்சினை அதோடு தீர்ந்தது.

கோடு முழுதாக நிற்கிறது, கதை மட்டும் உடைகிறது

உவர்மலையில் இருப்பவர்கள் இந்தக் குறையோடு அடிக்கடி வருகிறார்கள். உயரம் என்றால் சிக்னல் நல்லது என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் உயரமான, திறந்த இடத்தில் போனுக்குப் பல டவர்கள் ஒரே அளவில் தெரியும். எதையும் விட மனமில்லாமல் மாறி மாறித் தாவும். ஒன்றின் அலை மற்றதைக் கெடுக்கும். கோணேசர் கோயிலுக்குப் போய் இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கதைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

தண்ணீர் இன்னும் ஒரு வேலை செய்யும். கடல் மேற்பரப்பில் அலை தடையில்லாமல் ஓடும், பட்டுத் திரும்பவும் செய்யும். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டவரைக் கூட இந்தக் கரையில் இருக்கும் போன் பிடித்துக்கொள்ளலாம். பக்கத்து டவர் இருக்கத் தூரத்து டவரோடு ஒட்டிக்கொண்டால் கோடு தெரியும், தரம் இருக்காது.

எயார்பிளேன் மோடைப் போட்டு, அரை நிமிடம் கழித்து எடுங்கள். போன் புதிதாகத் தேடி நல்ல டவரில் சேரும். கடல் பார்த்த ஜன்னலை விட்டு, ஊர் பார்த்த பக்கத்தில் நின்று கதையுங்கள். ஒரு சுவர் பின்னால் இருப்பது இங்கே நல்லது. தினமும் இதே தொல்லை என்றால் அது கொம்பனி டவரின் அன்டெனாவைத் திருத்திச் செய்யவேண்டிய வேலை. நீங்கள் முறைப்பாடு எழுதியே ஆகவேண்டும்.

எனக்குக் கேட்கிறது, அவர்களுக்கு என் குரல் கேட்கவில்லை

டவர் பல வாட் சக்தியில் கத்தும். உங்கள் போன் 4ஜியில் அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பதில் சொல்லும். தூரம் கூடினால் அதன் குரல் உங்கள் போனுக்கு வரும், உங்கள் போனின் குரல் அங்கே போய்ச் சேராது. சக்தியைக் கூட்டிக் கூட்டிப் போன் சூடாகும், மத்தியானத்துக்குள் பற்றரி இறங்கும். சிம் மாற்றிய பிறகு போன் சுடுகிறது, பற்றரி போய்விட்டது என்று புதுப் பற்றரி கேட்டு வருபவர்களை, முதலில் அளவு எண்ணைப் பார்க்கச் சொல்லித்தான் அனுப்புகிறேன். முன்பக்கம் இரும்புத் தகடும் காந்தமும் வைத்த கவர் போட்டிருந்தால் அதையும் கழற்றுங்கள்.

கடலில் சிக்னல் போய்விடுகிறது

கிண்ணியாவில் இருந்து வந்த ஒரு நானா, பழைய சிம்மில் இன்னும் தூரம் போகும் வரை வீட்டோடு கதைத்ததாகச் சொன்னார். அது நடக்கக்கூடியதுதான். பூமி வளைவால், 40 மீற்றர் டவரும் வள்ளத்தில் நிற்பவர் கையில் இருக்கும் போனும் ஒன்றையொன்று காணும் எல்லை சுமார் 30 கிலோமீற்றர். டவர் உயரமாகவோ மேட்டிலோ இருந்தால் கூடும். அதோடு, 2ஜிக்கு வழமையான எல்லையே 35 கிலோமீற்றர். அதற்கு மேல் சிக்னல் இருந்தாலும், அலை டவருக்குப் போய்ச் சேரும் நேரக் கணக்கு இடம் கொடுக்காது. கடலுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, டேட்டா மலிவு என்பதற்காகப் பழைய சிம்மை விட்டுவிட வேண்டாம். இரண்டு சிம்மும் போடுங்கள். நெட்வேர்க் வகையைத் தானியங்கியில் வையுங்கள். எந்தக் கொம்பனி எதுவரை எடுக்கிறது என்று ஒரே வள்ளத்தில் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். போன் எடுக்காத தூரத்துக்குப் போகும் வள்ளத்தில் வயர்லெஸ் செட் இருக்கத்தான் வேண்டும்.

பின்னேரம் மட்டும் மெதுவாகிறது, கறன்ட் போனால் எல்லாம் போகிறது

அளவு எண் மாறாமல் வேகம் மட்டும் விழுந்தால் டவரில் கூட்டம். நிலாவெளியில் சுற்றுலாக் காலத்திலும், கோயில் திருவிழா நாட்களிலும் இது நடக்கும். காலை ஐந்து மணிக்கு வேகத்தைப் பாருங்கள், நன்றாக இருந்தால் உங்கள் போனில் குறை இல்லை.

டவர்களுக்கு பற்றரி உண்டு, அது சில மணி நேரத்துக்குத்தான். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடந்தது. அப்படி ஒரு புயலில் கறன்ட் நீண்ட நேரம் போனால் ஒரு கொம்பனியின் டவர் நின்றுவிடலாம். மாரி மழைக்காலத்தில் வீட்டில் இரண்டு கொம்பனி சிம் இருப்பது அவசியம் என்று நான் சொல்வது அதனால்தான். இரண்டு நம்பர் என்பதும் இரண்டு கொம்பனி என்பதும் வேறு. 2018இல் எட்டிசலாட் லங்காவை ஹட்ச் வாங்கியது. 2024இல் எயார்டெல் லங்கா டயலொக்கோடு இணைந்தது. அதனால் 072இலும் 078இலும் தொடங்கும் நம்பர்கள் ஒரே வீடு, 075இலும் 077இலும் தொடங்குபவை ஒரே வீடு.

பூஸ்டர் வாங்கலாமா?

வேண்டாம். இணையத்தில் விற்கும் சிக்னல் பூஸ்டர் உங்கள் அறையில் கோட்டைக் கூட்டினாலும், டவரின் காதில் இரைச்சலைக் கொட்டும். உங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் சிக்னல் கெடும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வானொலி அலைக் கருவி பயன்படுத்துவது 1991ஆம் ஆண்டு 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் குற்றமும் கூட. பின் கவரில் ஒட்டும் தங்க நிற ஸ்டிக்கர் ஒன்றும் செய்யாது.

கொம்பனிக்கு என்ன சொல்வது

"சிக்னல் இல்லை" என்று மட்டும் சொன்னால், போனை நிறுத்தித் திறக்கச் சொல்லி வைத்துவிடுவார்கள். எனக்கும் இரண்டு முறை அதுதான் நடந்தது. மூன்றாம் முறை கொப்பியைப் பார்த்து வாசித்தேன்: எந்த வீதி, எந்த வீட்டு இலக்கம், எந்தத் தேதி, எத்தனை மணி, விறாந்தையில் என்ன அளவு, அறைக்குள் என்ன அளவு, வேறு போனில் என்ன அளவு, அழைப்பு எத்தனை முறை அறுந்தது. அப்போதுதான் தொழில்நுட்பப் பகுதிக்கு மாற்றினார்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒழுங்கையில் ஐந்து வீட்டார் தனித்தனியாக முறைப்பாடு செய்தால் கவனிப்பு வேறு மாதிரி இருக்கும். அதற்கும் பதில் இல்லை என்றால் அந்த இலக்கங்களோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

இது எல்லாம் முடிந்து புது சிம் நன்றாக எடுக்கத் தொடங்கிய பிறகும் பழைய சிம்மை உடனே வீசாதீர்கள். வங்கி, மின்சாரப் பட்டியல், பிள்ளையின் பள்ளிக்கூடம், கிளினிக் கொப்பி என்று அந்த நம்பர் எழுதப்பட்ட இடங்கள் நிறைய. ஒவ்வொன்றாகப் போய் மாற்றும் வரைக்கும் மாதம் ஒரு சிறு ரீலோட் போட்டு, ஏதாவது ஒரு போனில் அதை உயிரோடு வைத்திருங்கள். அம்மாவின் பழைய சிம் இப்போதும் என் மேசை லாச்சியில் ஒரு பட்டன் போனில் இருக்கிறது. போன கிழமை கூட மட்டக்களப்பில் இருந்து பெரியம்மா அதற்குத்தான் எடுத்தார்.